கைச்சறுக்குப் பலகை: சக்கரத்தை மாற்றியதும் சரியானது

பக்கவாதத்தில் தளர்ந்த கையை மேசைமேல் நகர்த்திப் பழக்க, 12 மி.மீ. பிளைவுட்டில் 30 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலத்தில் பலகை. அடியில் நான்கு சுழல் சக்கரங்கள். முன்னே தள்ளும்போது சிக்கலில்லை. திரும்ப இழுத்தால் பக்கவாட்டில் வெட்டியது. சக்கரத்தின் அச்சு, அது சுழலும் நடுத்தண்டிலிருந்து விலகியிருப்பதால், திசை மாறும்போது சக்கரம் அரைவட்டம் அடித்துத்தான் திரும்பும். பலவீனமான தோளுக்கு அந்த வெட்டு ஆகாது. அவற்றைக் கழற்றிவிட்டு, குண்டு உருளும் பால் காஸ்டர் (ball caster) மாட்டினேன். எந்தத் திசையிலும் சீராக ஓடுகிறது.

வெல்க்ரோ பட்டை 5 செ.மீ. அகலம், முன்கையில் மட்டும். மணிக்கட்டு எலும்பின்மேல் வேண்டாம். கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள், உணர்ச்சி குறைந்த கைக்கு அழுத்தம் தெரியாது. மேசை முழங்கை உயரத்துக்கு மேல் போனால் தோள் காதை நோக்கி ஏறும். மேசையின் எதிர் ஓரத்தில் 2 செ.மீ. ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடிக்காவிட்டால் பலகை கையோடு கீழே போகும். இந்தப் பலகைக்குப் பதில், கையைத் தூக்கத் தலைக்குமேல் கப்பி கட்டாதீர்கள், தோள்வலிதான் மிஞ்சும்.