ஆராத் கோட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தின் வடகிழக்கில் உள்ள டெல் ஆராத் என்ற தொல்லியல் மேட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தடுமாறுவது காலத்தில்தான். கீழே விரிந்து கிடக்கும் மதில் நகரம் தொடக்க வெண்கலக் காலத்தது. அது கி.மு. 2650 வாக்கில் கைவிடப்பட்டது. மேட்டின் உச்சியில் இருப்பதோ, எருசலேமைத் தலைநகராகக் கொண்ட பழைய யூதா நாட்டு அரசர்களின் கோட்டை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் அங்கே குடியிருப்பே இல்லை. வேதாகமத்தின் எண்ணாகமம் 21-ல் இஸ்ரவேலரோடு போரிடும் ஆராத் ராஜாவின் மதில் என்று கீழே உள்ள சுவரைக் காட்டினால், கணக்கு எந்தப் பக்கமும் பொருந்தாது.

அடுத்த தவறு இன்னும் நுட்பமானது. நல்ல ஆய்வாளர்களையும் இழுத்துக்கொண்டது. 1962 முதல் 1967 வரை கோட்டையைத் தோண்டிய தொல்லியலாளர் யோகனான் அகரோனி, உள்ளே ஒரு கோயிலைக் கண்டார். பலி எருசலேமில் மட்டுமே என்கிறது வேதம்; இங்கோ எருசலேமுக்கு வெளியே யூதாவின் கோயில்! வெளியூர் வழிபாட்டிடங்களை ஒழித்ததாக வேதம் சொல்லும் யூதா அரசர்கள் இருவரைக் கொண்டு, பலிபீடம் எசேக்கியா காலத்திலும் (கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் இறுதி), கோயில் யோசியா காலத்திலும் (கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதி) நீக்கப்பட்டன என்றார். பின்னர் மண்ணடுக்குகளை மறுபடி ஆராய்ந்த தொல்லியலாளர் சேவ் எர்சோக், இரண்டும் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஒரே சமயத்தில் புதைக்கப்பட்டவை என்று வாதிட்டார். யார் புதைத்தார்கள், ஏன் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வேதத்தை வைத்து அடுக்குக்குக் காலம் குறித்துவிட்டு, அதே அடுக்கை வேதத்துக்குச் சாட்சியாக நிறுத்தக் கூடாது. மண்ணையும் பானையோட்டையும் முதலில் தனியாகப் பேசவிட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

அங்கே போகிறவர்கள் கோயிலின் கருவறையில் பார்க்கும் இரண்டு தூபபீடங்களும் நகல். மூலப்பொருள்கள் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தத் தூபபீடங்களில் படிந்திருந்த எச்சத்தை ஆராய்ந்த முடிவு 2020-ல் வெளிவந்தது. ஒன்றில் சாம்பிராணிப் பிசின், மற்றொன்றில் கஞ்சா. உடனே யூதாவின் கோயில்களில் எல்லாம் கஞ்சா புகைந்தது என்று எழுதிவிட்டார்கள். சான்று ஒரே ஒரு பீடம்தான்.

கோயிலின் பரபரப்பில் பலரும் தாண்டிப்போவது, கி.மு. 600 வாக்கில் பானையோடுகளில் மையால் எழுதிய கடிதங்களை. கோட்டையில் எலியாசீப் என்ற பண்டகசாலை அதிகாரிக்கு வந்த ஆணைகளே அவற்றில் பல: கித்தீமியருக்கு (கிரேக்கக் கூலிப்படையினராக இருக்கலாம்) இவ்வளவு திராட்சரசம் கொடு, நாளைக் குறித்து வை. 2016-ல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் 16 ஓடுகளின் கையெழுத்தைக் கணினியால் ஒப்பிட்டு, எழுதியவர்கள் குறைந்தது ஆறு பேர் என்றனர். இதிலிருந்து படையில் எழுத்தறிவு பரவியிருந்தது என்று சொல்லலாம். யூதாவில் உழுதவரும் ஆடு மேய்த்தவரும் எழுதினார்கள் என்று சொல்ல அந்த ஓடுகளில் இடமில்லை.