போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள்

லண்டன் வணிகச் சட்ட நிறுவனத்துக்கு டிரெய்னி சொலிசிட்டர் (பயிற்சி வழக்கறிஞர்) விண்ணப்பம் எழுதினால், "ஏன் எங்கள் நிறுவனம்?" பதிலை நகலெடுத்து, அதில் போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டு வாசியுங்கள். அப்போதும் பொருந்துகிற வரியை அடித்துவிடுங்கள். (அசலில் மாற்றாதீர்கள், தவறான பெயரோடு போனால் கதை முடிந்தது.)

'உலகளாவிய வாடிக்கையாளர்கள்', 'தரமான பயிற்சி' எல்லாருக்கும் பொருந்தும். இரண்டு ஆண்டுப் பயிற்சியில் ஆறு மாதத்துக்கு ஒரு துறை என்பதும் பெரும்பாலான இடங்களில் உள்ளதுதான். அதற்குப் பதில் அவர்கள் அண்மையில் கையாண்ட ஒரு டீல், அதில் வாங்குபவர், விற்பவர், கடன் கொடுத்த வங்கி இவர்களில் யாருக்காக வேலை செய்தார்கள், அந்தத் துறை உங்களை ஏன் இழுக்கிறது என்று எழுதுங்கள்.

"ஏன் வணிகச் சட்டம்?" என்ற கேள்விக்கு இந்தப் பெயர் மாற்றும் சோதனை வேண்டாம். அந்தப் பதில் எங்கும் பொருந்தலாம்.