வெள்ள டியூட்டிக்குப் புதியவரா? நான் செய்த தவறுகளையாவது விட்டுவிடுங்கள்

போன அக்டோபரில் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டம் ஒன்றுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்காக ஐந்து நிமிடம் பேச நேரம். எனக்கு முன்னால் எழுந்த ஒரு இளம் வி.ஏ.ஓ., "கரையோர மக்களுக்கு வாட்ஸ்அப் குரூப்ல தகவல் கொடுத்தாச்சு சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தண்டோராவை நம்பி இதே வார்த்தையை நானும் சொன்னவன்தான்.

டார்ச்சுக்கு பேட்டரி, மணல் மூட்டை, 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது எல்லாம் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. அதில் இல்லாததைச் சொல்கிறேன்.

"தகவல் கொடுத்தாச்சு"

தென்பெண்ணை ஓரத்தில் ஒரு கிராமம். மேலே அணையைத் திறக்கிறார்கள், வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று சாயங்காலம் தகவல் வந்தது. தலையாரியை அனுப்பினேன். அவரும் தெருத் தெருவாகத் தப்பு அடித்து அந்த எண்ணை அப்படியே சொன்னார். நான் பதிவேட்டில் "பொதுமக்களுக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கன அடி என்றால் ஊரில் யாருக்குப் புரியும்? எனக்கே புரியவில்லை. ஆற்றில் வெள்ளம் வருகிறதாம் என்று பையன்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். பெரியவர்கள் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் காலனிக்குள் வந்தது. ஆள் சேதம் இல்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் கட்டிப்போட்ட ஆடுகள் கட்டின இடத்திலேயே செத்துக் கிடந்தன. விடிந்ததும் ஒரு அம்மா, கயிற்றை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்குத் தண்ணி வரும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றார். சொன்னதாகத்தான் என் பதிவேட்டில் இருந்தது.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு அதே தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவு தாண்டி வினாடிக்கு சுமார் 1.68 லட்சம் கன அடி திறந்தபோது இதே சண்டையைத்தான் பெரிய அளவில் பார்த்தோம். எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. எங்களுக்கு வந்து சேரவில்லை என்றார்கள் கரையோர மக்கள். இரண்டு பக்கமும் உண்மையே பேசியிருக்கலாம். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

ஆடுகள் செத்த அந்த வருடத்துக்குப் பிறகு நான் செய்தது இது. ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, பழைய வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். அய்யனார் கோயில் குதிரையின் குளம்பு, மாரியம்மன் கோயில் மூன்றாம் படி, ரேஷன் கடைத் திண்ணை. குளம்பு நனைந்தால் காலனிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்தது. அடுத்த வருடம் தலையாரி கன அடியைச் சொல்லவில்லை. "குதிரை குளம்பு நனையப் போவுது. கீழத்தெரு ஆளுங்க எட்டு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு வாங்க. ஆடு மாட்டை ஏரிக்கரை மேல கட்டிக்கலாம்" என்றார். ஆட்டுக்கு இடம் சொன்ன பிறகுதான் பாதிப் பேர் கிளம்பினார்கள்.

மீதிப் பாதி? வராதவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வயசுக்கு வந்த பெண்ணோடு, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை உள்ள முகாமுக்கு எந்தத் தாயும் வரமாட்டாள். இருபது ரூபாய்த் தாழ்ப்பாள் அது.

ராத்திரி எச்சரிக்கை தனி விஷயம். தகரக் கூரை மேல் மழை அடிக்கும்போது ஜீப்பில் கட்டின ஒலிபெருக்கி உள்ளே கேட்காது. 2023 அக்டோபரில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனைக்காக நம் போன்கள் எல்லாம் அலறினவே, நல்ல ஏற்பாடுதான். இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் செத்துக் கிடக்கும் போனில் அது என்ன செய்யும்? கதவைத்தான் தட்ட வேண்டும். எந்த வீட்டை யார் தட்டுவது என்று முன்பே பெயர் போட்டு எழுதுங்கள். தட்டினவர் திரும்பி வந்து, யார் கிளம்பினார், யார் மாட்டேன் என்றார் என்று சொல்கிறவரை "கொடுத்தாச்சு" என்ற வார்த்தை வேண்டாம்.

ஒத்திகை

காலை பதினொரு மணி வெயிலில், பந்தல் போட்டு, போட்டோகிராபர் நிற்க நடத்துவது ஒத்திகை ஆகாது. ஒரு தடவையாவது இருட்டிய பிறகு, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு நடத்திப் பாருங்கள்.

பள்ளிக்கூடச் சாவி

தலைமையாசிரியர் வெளியூர். இன்னொரு சாவி உங்களிடம் இருக்கட்டும்.

படை வரும் என்று காத்திருப்பது

தேசிய பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. திறமையான ஆட்கள், சந்தேகமே இல்லை. ஆனால் சாலையில் மரம் கிடந்தால் அவர்கள் வண்டியும் நிற்கத்தான் வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய ஏறக்குறைய 800 பேருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள். ஃபைபர் படகு யாரிடம், மரம் அறுக்கும் மெஷின் யாரிடம், ஜேசிபி டிரைவர் ராத்திரி எங்கே தூங்குகிறார் என்பதெல்லாம் உங்கள் டைரியில் இருக்க வேண்டும்.

குடிதண்ணீரை மறப்பது

2018 நவம்பரில் கஜா புயல் போனபின் எங்கு பார்த்தாலும் மின்கம்பங்கள் படுத்துக் கிடந்தன. கரண்ட் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. சோற்றுப் பொட்டலம் வந்த ஊர்களில்கூடக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல், ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மோட்டார் ஓட்டினார்கள். அதற்கு டீசல் போடலாம் என்று போனால், பல பங்க்குகளிலும் பம்பு ஓட கரண்ட் வேண்டும். டீசலை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

சேதக் கணக்கு

முகாமில் முதல் சோறு போடுவதற்கு முன் படிவத்தோடு போய் நிற்காதீர்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை

மேலேயிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள்: எத்தனை முகாம், எத்தனை பேர், எத்தனை குடிசை. அதற்கு ஊரை நன்றாகத் தெரிந்த ஆளை உட்காரவைத்துவிடுகிறார்கள், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று. அவரை ஆற்றங்கரைக்கு அனுப்புங்கள். அறிக்கைக்குப் புதிதாக வந்த தட்டச்சர் போதும்.