கிட்டார் பிக் வாங்குவதற்கு முன் ஒரு பழைய ஏடிஎம் அட்டை

டிசம்பர் நெருங்கினால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கரோல் பயிற்சி களைகட்டும். அலுமாரிக்கு மேல் கிடந்த கிட்டார்களெல்லாம் தூசி தட்டி இறக்கப்படும். புதிதாகப் பழகும் பிள்ளைகள் வந்து, "அண்ணே, எந்த பிக் வாங்குறது?" என்று கேட்பார்கள். பிக் என்பது கிட்டார் தந்தியை மீட்டும் சின்னத் தகடு. இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், முதலில் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள் என்பேன்.

காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்றை எடுங்கள். எந்த வங்கியின் அட்டையானாலும் தடிப்பு சுமார் 0.76 மில்லிமீட்டர்தான். கடையில் 'மீடியம்' என்று விற்கும் பிக்கும் ஏறக்குறைய இதே தடிப்பு. அட்டையின் மேல் 30 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலத்தில், மூலைகள் உருண்ட ஒரு முக்கோணத்தை வரைந்து கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இலக்கமும் சிப்பும் உள்ள பகுதியைத் துண்டு துண்டாக நறுக்கி எறிந்துவிடுங்கள். அப்புறம் வெட்டிய ஓரத்தை, முக்கியமாக முனையை, சாண்ட் பேப்பரில் வழவழப்பாகும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் தந்தியில் கீச்சென்று உரசும்.

பிடிப்பது எப்படி? சுட்டுவிரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலால் மூடுங்கள். முனை ஐந்தாறு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். பழகிய புதிதில் நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டு வலியோடு உட்கார்ந்திருப்பேன். மலையிலிருந்து வேலை முடிந்து வந்த அம்மா பார்த்துவிட்டு, "கொழுந்த நசுக்காம கிள்ளுற மாதிரி புடிடா" என்றார். கிட்டாரைத் தொட்டே பார்க்காதவர் சொன்னதுதான், ஆனால் இன்றைக்கும் நான் சொல்லிக்கொடுப்பது அதையே.

இந்த அட்டை பிக்கோடு ஒரு கிழமை வாசியுங்கள். கோர்ட் (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) பிடித்து மேலும் கீழும் அடிக்கும்போது தந்தியில் சிக்கிச் சிக்கி நிற்கிறதா? உங்களுக்கு இன்னும் மெல்லியது வேண்டும்: 0.50 முதல் 0.60 வரை. பைலா போன்ற ஆறு-எட்டுத் தாளத்தில் கை ஓயாமல் ஓடும்போது, வளைந்து கொடுக்கும் மெல்லிய பிக்தான் சுகம். சரி, தனித்தனிச் சுரமாக மெட்டு வாசிக்கும்போது பிக் வளைந்து, சுரம் பிந்தி விழுகிறதா? அப்படியானால் தடித்த பக்கம் போங்கள்: 0.88 அல்லது 1 மி.மீ. நான் முதன்முதலில் வாங்கியது 1.5 மி.மீ. பார்க்க அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. அடிக்கிற ஒவ்வோர் அடிக்கும் தந்தி இழுபட, இரண்டு மாதமாகக் கிட்டாரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் கடைக்குப் போனால் எல்லா பிக்கும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கலாம். சிலவற்றில் இலக்கம் அழிந்திருக்கும். பர்ஸிலுள்ள ஏடிஎம் அட்டையை எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்துப் பாருங்கள்; மெல்லியதா தடித்ததா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். டோர்டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வகையில் நிறமே அடையாளம்: செம்மஞ்சள் 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88.

பிக் எந்தப் பொருளில் செய்தது என்று கவனிக்க வேண்டியது நம் குளிருக்காக. நுவரெலியாவில் விடிகாலையில் விரல் விறைத்திருக்கும்போது, பளபளப்பான செலுலாய்ட் பிக் கையில் நிற்காமல் வழுக்கும். நைலோன் பிக் மென்மையானது. 0.73 என்று போட்டிருந்தாலும் அதே அளவு செலுலாய்டைவிடக் கூடுதலாக வளையும். பிடிப்புக்காக அதன்மேல் சிறு புள்ளிகளும் இருக்கும். டோர்டெக்ஸ் மாவு பூசியதுபோல் மங்கலாக இருக்கும். வியர்த்த கையிலும் நழுவாது. ஒரு காலத்தில் அழுங்காமை ஓட்டில்தான் பிக் செய்தார்கள். அந்த ஓட்டின் சர்வதேச வணிகம் 1970களில் தடைப்பட, அதற்கு மாற்றாக 1981இல் வந்ததே டோர்டெக்ஸ். செலுலாய்ட் சட்டென்று தீப்பிடிக்கும், அதை அடுப்படியில் வைக்காதீர்கள்.

வடிவத்தில் நீங்கள் வெட்டிய அந்தச் சாதாரண முக்கோணமே போதும். முனை கூராக இருந்தால் ஒலி பளிச்சென்று கேட்கும், உருண்டிருந்தால் மென்மையாகும். ஒரே பிக்கைத் திருப்பித் தோள்பக்கத்தால் (உருண்ட மேல்மூலையால்) அடித்தே இந்த வித்தியாசத்தைக் கேட்கலாம். 'ஜாஸ்' எனப்படும் சிறிய பிக் வேகமாக மெட்டு வாசிப்பவர்களுக்கானது, உங்களுக்கு இப்போது அவசரமில்லை. பெரிய சமபக்க முக்கோணத்தில் ஒரு லாபம் உண்டு: ஒரு முனை தேய்ந்தால் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம்.

உங்களுடையது நைலோன் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார் என்றால் விரலாலேயே பழகுங்கள், பிக் வேண்டியதில்லை.

எந்த பிக்கானாலும் ஒரு நாள் கிட்டாரின் வட்டத் துளைக்குள் விழத்தான் போகிறது. கிட்டாரைச் சாய்த்து முதலில் பிக்கைத் துளைக்கு நேர்கீழே வரச் செய்யுங்கள், பிறகு சட்டென்று கவிழ்த்துக் குலுக்குங்கள். வராவிட்டால், மீதமிருக்கும் அட்டையில் இன்னொன்று வெட்டலாம்.