ரீகாயிலில் ஏறுமுன்: கழுத்து வலிக்காமல் ஆறு முறை தலைகீழாகச் சுற்றிவர

வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து கொச்சி அருகே பள்ளிக்கரையில் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் வாசல் திறந்ததும் நேரே ரீகாயில் என்கிற ரோலர் கோஸ்டருக்குப் போய்விடுங்கள். தண்ணீர் விளையாட்டெல்லாம் பிறகு. இது போன பாதையிலேயே பின்னோக்கித் திரும்பும் பூமராங் வகைக் கோஸ்டர். இதில் ஓடுவது ஒரே ஒரு ரயில். அது போய்த் திரும்பி வந்தால்தான் அடுத்த கூட்டம் ஏற முடியும். உச்சிவேளையில் வரிசை நகரவே நகராது. துலா (ஐப்பசி) மழைக் காலமென்றால் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கும், ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

பூரியும் கிழங்குமாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். வெறும் வயிறும் குமட்டும். ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். இதய நோய், ரத்த அழுத்தம், டிஸ்க் வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறவே வேண்டாம். குழந்தைகளின் உயரத்தை வரிசையில் நிற்கும் முன்பே அளவுகோலில் பார்த்துவிடுங்கள். அரைமணி நேரம் நின்ற பிறகு திருப்பி அனுப்பினால் பிள்ளை அழும்.

செல்போன், சாவி, மூக்குக்கண்ணாடி, செருப்பு எல்லாம் வெளியே. துப்பட்டா, வேட்டி கூடாது. கம்மலையும் ஜிமிக்கியையும் கட்டாயம் கழற்றுங்கள். தோளுக்கு மேலாக இறங்கும் தடுப்பு காதை ஒட்டியே இருக்கும். இந்த வண்டியில் அதிகம் அடிபடுவது காதுதான்.

உட்காரும் விதம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். முதலில் இடுப்பைச் சீட்டின் அடிவரைக்கும் தள்ளி, முதுகை நிமிர்த்துங்கள். அதற்குப் பிறகே தடுப்பை இறக்க வேண்டும். சரிந்து உட்கார்ந்தபடி இறக்கினால் ஓட்டத்தில் உடம்பு நகர்ந்து இடைவெளி விழும், தலை இருபக்கமும் மோதும். தலையின் பின்பக்கம் சீட்டில் அழுந்தி இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். பாதி கழுத்து வலி அதனால் வருவது.

இந்த வகையின் வழக்கமான அளவில் கோபுரம் சுமார் 35 மீட்டர், பாதை 285 மீட்டர், வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர். ரயிலைப் பின்னுக்கு இழுத்தே முதல் கோபுரத்தில் ஏற்றுவார்கள். முகம் தரையைப் பார்த்திருக்கும். விட்டதும் நிலையத்தைத் தாண்டிப் பாய்ந்து, நாகம் படமெடுத்தது போன்ற கோப்ரா வளைவில் இரண்டு தடவை, பிறகு வட்டத்தில் ஒரு தடவை கவிழும். வட்டம் என்று சொன்னாலும் அது சரியான வட்டம் இல்லை: கீழே அகன்று மேலே குறுகியிருக்கும். சரியான வட்டமாக இருந்தால், உச்சியை எப்படியோ தாண்டும் வேகத்தில்கூட அடியில் உடல் எடை சுமார் ஆறு மடங்காக அழுத்தும். 1976-இல் கலிபோர்னியாவில் வந்த ரெவல்யூஷன் என்கிற கோஸ்டரிலிருந்து இந்த வடிவம்தான் நிலைத்தது.

வட்டத்தின் அடியில் நுழையும்போது கண் லேசாக இருளலாம். அதற்குக் கொஞ்சம் முன்பே தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கி, மூச்சைச் சின்னச் சின்னதாக விடுங்கள். ரத்தம் காலுக்கு இறங்குவது குறையும். மூச்சை அடக்கிக்கொண்டு கத்தாமல் இருப்பதைவிடக் கத்துவது நல்லது.

இரண்டாம் கோபுரத்தில் சங்கிலி பிடித்து மேலே இழுக்கும், முகம் வானத்தைப் பார்க்கும். அங்கிருந்து எல்லாம் பின்னோக்கி: முதலில் வட்டம், அப்புறம் கோப்ரா. வளைவு வருவது தெரியாததால் தலையைத் தளர்த்தவே கூடாத இடம் இது. முதல் கோபுரத்தில் கடைசி வரிசை உயரத்தில் இருக்கும், இரண்டாவதில் முன்வரிசை. புதிதாக ஏறுகிறவர்கள் நடுவில் உட்காருங்கள்.

சென்சார் தடங்கலிலோ கரண்ட் போனாலோ ரயில் கோபுரத்திலேயே நின்றுவிடலாம். தடுப்பைத் தூக்கப் பார்க்காதீர்கள், எழவும் முயலாதீர்கள். தலையைச் சீட்டில் வைத்தபடியே இருங்கள். இறக்கும்போது முன்னறிவிப்பில்லாமல் நகரலாம்.