ஹெவி மெட்டல் என்ற முரட்டு ராக் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில் ஹெட்போனை எடுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, வெறும் இரைச்சல் என்று இரண்டு வருடம் ஒதுக்கிவைத்த ஆள் நான்.

1964-இல் வந்த கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ'தான் முதல் பாட்டு. அதன் கிடார் கரகரப்புக்காக, வாசித்த டேவ் டேவிஸ் தன் ஸ்பீக்கரின் கூம்பையே பிளேடால் கீறினார்.

அப்புறம் நேரே 1970. பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம், முதல் பாட்டு. இங்கே அவசரப்படாதீர்கள். மழை, மணியோசை, பிறகு கிடாரில் ச, மேல் ச, பிரதி மத்தியமம் (கூடிய ம) என்று மூன்றே ஸ்வரம். அவ்வளவுதான், வயிற்றைப் பிசையும். வாசித்தவர் டோனி அயோமி. பர்மிங்காம் ஆலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர்; உருக்கிய பிளாஸ்டிக்கில் தானே உறை செய்து மாட்டிக்கொண்டார். 1971-இன் 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்' பாட்டில் தந்தியைத் தளர்த்திச் சுருதியை இறக்கியிருப்பார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் கனம் கூடியிருப்பது காதுக்கே தெரியும்.

ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் குழுக்களில் ஆளுக்கு ஒரு பாட்டு போதும், இப்போதைக்கு. (மெய்டன் ரசிகர்கள் திட்டுவார்கள். சரி, திட்டட்டும்.) கடைசியாக மெட்டாலிகா குழுவின் 1983 ஆல்பம். அதன் வேகத்துக்குத் தலை தானாக ஆடும். பேருந்தில் கேட்டால் முன்சீட்டுக் கம்பி ஜாக்கிரதை.