தலையைத் தொட்டுப் பார்த்தே மூளையைப் படிக்கலாம்

மூளைப் படம் வரைந்து, பாகம் குறித்து மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். நரம்பியல் மருத்துவர்கள் நோயாளியைச் சோதிக்கும் விதத்தில் சிலவற்றை நாமே செய்து பார்த்தால் நன்றாகப் பதியும். கைபேசியும் கொஞ்சம் சில்லறையும் போதும்.

படி 1: நெற்றி
நெற்றியில் கை வையுங்கள். உள்ளே இருப்பது பெருமூளையின் நெற்றி மடல். இப்போது தமிழ் மாதங்களைப் பங்குனியில் தொடங்கித் தலைகீழாகச் சொல்லுங்கள். பழக்கத்தில் சித்திரை, வைகாசி என்று ஓடப் பார்க்கும் நாக்கை அடக்கி, அடுத்ததைத் தேடி எடுப்பது இந்த மடல்தான். திட்டமிடுவது, முடிவெடுப்பது எல்லாம் இதன் பொறுப்பு.

படி 2: உச்சி
கண்ணை மூடி, சட்டைப் பையில் வலது கையை விட்டு, சில்லறையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை மட்டும் எடுங்கள். விளிம்பு, கனம், அளவு ஆகியவற்றைச் சேர்த்து 'இதுதான்' என்று சொல்வது இடப்பக்க உச்சி மடல். வலது கைக்கு இடது மூளை, இடது கைக்கு வலது மூளை.

படி 3: பிடரியும் காதோரமும்
பின்மண்டைக்குள் இருக்கும் பிடரி மடல் பார்வைக்கானது. அது பழுதானால் கண் நன்றாக இருந்தும் பார்வை போகலாம்.

காதுக்குச் சற்று மேலே, உள்ளே பொட்டு மடல். கேட்பது இங்கேதான். இதன் உட்புறத்தில், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இரு பக்கமும் இதன் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆனால், கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். ஒவ்வொரு நாளும் அதை முதல்முறை செய்வதாகவே நினைத்தார்! கைப்பழக்கத்தைக் கவனிப்பது வேறு பகுதிகள். அவற்றில் ஒன்று சிறுமூளை.

படி 4: சிறுமூளை
பிடரிக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. தொடையில் உள்ளங்கை, புறங்கை என மாற்றி மாற்றி வேகமாகத் தட்டுங்கள். தாளம் பிசகாமல் வருகிறதா? அது சிறுமூளையின் கைவண்ணம். பெருமூளைபோல் பக்கம் மாறுவதில்லை. இடது கையை இடப்பக்கச் சிறுமூளையே பார்த்துக்கொள்ளும். எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு இதற்குள்தான்.

படி 5: மூளைத்தண்டு
எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கைபேசியை அசையாமல் பிடித்து, 'இல்லை' என்பதுபோல் தலையை வேகமாக ஆட்டியபடி இந்த வரியைப் படியுங்கள். படிக்க முடிகிறது. சரி, இப்போது தலையை அசைக்காமல் அதே வேகத்தில் கைபேசியை ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். தலை அசைந்தால் உள்காது உடனே மூளைத்தண்டுக்குச் சொல்லும், அது கண்ணை எதிர்த்திசையில் திருப்பிவிடும். கைபேசி அசைந்தாலோ பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வழி மெதுவானது.

தண்டின் கீழ்ப்பகுதி முகுளம். மூச்சைப் பிடித்துப் பாருங்கள். பெருமூளை சொன்னபடி கொஞ்ச நேரம் நிற்கும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, முகுளம் உங்களைக் கேட்காமலே மூச்சை இழுத்துவிடும். இதை மட்டும் தண்ணீருக்குள் செய்து பார்க்காதீர்கள்.